சுவருக்குள் குடித்தனம்

“மரம் எங்கடீ?”

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஷெட்லாண்ட் தீவுகளின் லெர்விக் துறைமுகத்தில் இறங்கி, வாடகைக் காரை எடுத்துக்கொண்டு இருபது நிமிடம் ஓட்டியிருப்பேன். அதுவரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்த அம்மா வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி இதுதான். நானும் சுற்றிப் பார்த்தேன். புல், பாறை, ஆடு, கடல். வளைவில் திரும்பினால் மறுபடியும் புல், ஆடு, கடல்.

அம்மா நெய்வேலி டவுன்ஷிப்பில் முப்பத்திரண்டு வருடம் குடித்தனம் செய்தவள். குவார்ட்டர்ஸ் வாசலில் வேம்பு, கொல்லையில் பலாவும் முருங்கையும். மரமில்லாத ஊர் என்றால் ஏதோ சாபம் பட்ட ஊர் என்றுதான் அவளுக்குத் தோன்றும். ஷெட்லாண்டிலும் ஒரு காலத்தில் மரம் இருந்தது. பிர்ச்சும் ஹேசலும் இருந்ததற்கான தடயங்கள் மண்ணுக்கடியில் கிடைக்கின்றன. ஐயாயிரம் வருடத்துக்கு முன்பு விவசாயம் பண்ண வந்தவர்கள் வெட்டினார்கள், அவர்கள் கொண்டுவந்த ஆடுகள் மிச்சத்தை மேய்ந்தன, முளைத்த கொஞ்சநஞ்சத்தை உப்புக்காற்று பார்த்துக்கொண்டது. இன்றும் வேலி போட்டு ஆட்டைத் தடுத்தால் அங்கங்கே மரம் வளரத்தான் செய்கிறது.

“அப்ப ஆடுதான் காரணம்னு சொல்லு” என்று அம்மா தீர்ப்பு எழுதிவிட்டாள். அதற்கப்புறம் நான்கு நாளும் வழியில் ஆட்டைப் பார்த்தபோதெல்லாம் ஒரு முறைப்பு.

ஷெட்லாண்ட் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. பிரிட்டன் வரைபடங்களில் அதை ஒரு சின்னக் கட்டத்துக்குள் அடைத்து, இடம் இருக்கிற மூலையில் ஒட்டிவிடுவார்கள். அப்படிச் செய்யக்கூடாது, செய்தால் காரணம் சொல்ல வேண்டும் என்று 2018-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அரசு அமைப்புகளுக்குச் சட்டமே போட்டது. தீவுக்காரர்களின் அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது. அட்சரேகை 60 டிகிரி வடக்கு. நூறு தீவுகள் இருந்தாலும் ஆள் குடியிருப்பது பதினாறு சொச்சத்தில்தான். மொத்த மக்கள்தொகை 23,000 அளவு. எடின்பரோவைவிட நார்வேயின் பெர்கன் நகரம்தான் பக்கம்.

நான் வேலை பார்ப்பது ஸ்காட்லாந்துக் கரையில் இருக்கிற அபர்டீனில். மூன்று மாதம் தங்க வந்த அம்மாவை எல்லாரும்போல் லண்டனுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் ஒரு பறவைக்காக நான்கு வருடமாக இந்தத் தீவுகளை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பறவையைப் பார்க்கக் கோடையில் சில வாரங்கள்தான் தோது. அம்மா வந்ததும் அதே ஜூனில். சரி, வா என்றேன். சாயங்காலம் ஏழு மணிக்குக் கப்பல், மறுநாள் காலை ஏழரைக்கு லெர்விக். நடுக்கடலில் கப்பல் ஆடிய ஆட்டத்தில் நான் கழிப்பறையே கதியென்று கிடந்தேன். அம்மா எலுமிச்சை சாதத்தை ஊறுகாயோடு சாப்பிட்டு முடித்து, டப்பாவைக் கழுவி வைத்துவிட்டுத் தூங்கினாள்.

தங்கிய வீட்டுக்கார அம்மாளுக்கு எழுபது வயதிருக்கும். தன் பேரனிடம் பேசும்போது ‘டு’ என்றார். எங்களிடம் ‘யூ’. இது எங்கள் பழைய நீயும் நீங்களும் என்று விளக்கினார். சின்னவர்களிடம், நெருக்கமானவர்களிடம் ‘டு’. பெரியவர்களிடம், புது ஆட்களிடம் ‘யூ’. இங்கிலீஷில் மரியாதையே கிடையாது என்று இருபது வருடமாகச் சொல்லிவந்த அம்மாவுக்கு இது பெரிய ஆறுதல். மூன்றாம் நாள் காலை அவர் என்னிடம் ‘டு’வுக்கு மாறினார். அம்மாவுக்குக் கடைசிவரை ‘யூ’தான்.

இந்தப் பேச்சில், நார்வேயிலிருந்து வந்த வைக்கிங்குகளின் பழைய மொழியான நார்ஸின் வாடை நிறைய. இங்கே நார்ன் என்று தனியாக ஒரு மொழியே இருந்தது. இப்போது அதைப் பேச ஆளில்லை, மிஞ்சியவை சொற்கள்தான். சின்னது என்றால் ‘பீரி’. நீர்நாய் ‘டிராட்சி’. ஆர்க்டிக் ஆலா ‘டிரிக்’. எந்தக் குன்றைப் பார்த்தாலும், எந்தக் குடாவைப் பார்த்தாலும் வைக்கிங்குகள் வைத்த பெயர். தீவுகள் ஸ்காட்லாந்தின் கைக்கு வந்த கதையும் விசித்திரமானது. டென்மார்க், நார்வே இரண்டுக்கும் அரசனான முதலாம் கிறிஸ்டியன் தன் மகள் மார்கரெட்டை ஸ்காட்லாந்து அரசன் மூன்றாம் ஜேம்ஸுக்குக் கட்டிக்கொடுத்தபோது, சீதனத்துக்குக் கையில் ரொக்கம் இல்லை. முதலில் ஆர்க்னி தீவுகளை ஈடு வைத்தான். அதுவும் போதாமல் 1469-இல் ஷெட்லாண்டை 8,000 ஃபுளோரினுக்கு அடகு வைத்தான். பின்னால் வந்த டேனிஷ் அரசர்கள் மீட்கக் கேட்டும் ஸ்காட்லாந்து பிடிகொடுக்கவில்லை.

“அப்ப மூழ்கிப்போச்சு” என்றாள் அம்மா. வட்டிக்கடையில் நகை மூழ்குவதைத்தான் சொன்னாள். தீவுக்கு அந்தச் சொல் எவ்வளவு பொருத்தம் என்று அவள் யோசித்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

தெற்கு முனைக்குப் போனோம். சம்பரா விமான நிலையத்தின் ஓடுபாதையைத் தார்ச்சாலை குறுக்கே கடக்கிறது. விமானம் வந்தால் ரயில்வே கேட் மாதிரி தடுப்பு இறங்கும், நாம் என்ஜினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கலாம். அதைத் தாண்டியதும் ஜார்ல்ஸ்ஹாஃப். பெயரைக் கேட்டால் வைக்கிங் பெயர்போலத்தான் இருக்கும், ஆனால் வைத்தவர் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். 1814-இல் அவர் வந்தபோது கடற்கரையில் நின்றது பாழடைந்த ஒரு பண்ணையார் வீடு மட்டுமே. அதற்குத் தன் நாவலில் இந்தப் பெயரைக் கொடுத்தார். அவர் நின்ற புல்தரைக்குக் கீழே நாலாயிரம் வருடக் குடியிருப்பு இருந்தது அவருக்குத் தெரியாது. அந்த நூற்றாண்டின் கடைசியில் அடித்த புயல்கள் கரையை அரித்த பிறகுதான் சுவர்கள் தலைகாட்டின. வெண்கலக் கால வீடு, அதற்குப் பக்கத்தில் இரும்புக் காலத்து வட்ட வீடு, அதன் கல்லைப் பிடுங்கிக் கட்டிய நார்ஸ் நீள்வீடு, எல்லாவற்றுக்கும் மேலே பண்ணையார். யாரும் காலி மனை தேடிப் போகவில்லை.

ஒரு வெண்கலக் கால வீட்டுக்குள் அம்மா குனிந்து நின்றுவிட்டாள். நடுவில் குழிந்த ஒரு கல். “அம்மி மாதிரி தேஞ்சிருக்கு பாரு. எத்தனை பொம்பளை அரைச்சாளோ.” அது தானியம் அரைக்கிற கல்தான். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் வாசித்துக்கொண்டிருந்தபோது அவள் கையை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள்.

அப்போதுதான் சுவரிலிருந்து கீச்சுச் சத்தம். கல்லிடுக்கில் ஸ்டார்லிங் குஞ்சுகள். நம் மைனாவுக்கு நெருங்கிய உறவு. தாய் வாயில் எதையோ கவ்விக்கொண்டு வந்து, எங்களைப் பார்த்ததும் கத்தியது. அம்மா நகர்ந்து வழிவிட்டாள். “கோபுரத்துல கிளி இருக்கிற மாதிரி” என்றாள்.

அந்த ஒரு வரி பயணம் முழுக்க என்கூடவே வந்தது. பாரம்பரியச் சின்னம் ஒரு நாள், வனவிலங்கு இன்னொரு நாள் என்றுதான் என் திட்டத்தில் பிரித்து எழுதியிருந்தேன். சுற்றுலாக் கையேடுகளும் அப்படித்தான் பிரிக்கின்றன. ஆனால் மரமே இல்லாத ஊரில் பறவை எங்கே கூடு கட்டும்? மனிதன் அடுக்கிய கல்லில்தானே. நம் ஊரில் திருப்பணி என்றால் முதல் வேலையாகக் கோபுரத்துப் பொந்தையெல்லாம் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டு, புறா வராமல் வலையும் கட்டிவிடுகிறோம். அதில் எனக்கு உடன்பாடு இல்லை என்பதை இந்த இடத்தில் பதிவு செய்துவிடுகிறேன்.

அங்கிருந்து சம்பரா முனைக்குக் கொஞ்ச தூரம்தான். ராபர்ட் ஸ்டீவன்சன் கட்டி 1821-இல் ஏற்றிய கலங்கரை விளக்கம், அதன் மதிலுக்கு அந்தப் பக்கம் பஃபின்கள். படங்களில் பார்த்து நான் பெரிய பறவை என்று நினைத்திருந்தேன். நம் ஊர்ப் புறா உயரம்தான். ஆரஞ்சும் நீலமும் கலந்த அலகு, சோகமான கண், கூட்டத்துக்குத் தாமதமாக வந்த தாசில்தார் போன்ற நடை. ஒன்று மதிலுக்கு மிக அருகில் வந்து, வளையிலிருந்து மண்ணைக் காலால் பின்னுக்கு வாரி அடித்ததில் என் ஷூவெல்லாம் மண். காரில் ஏறும்போது காற்று கதவைப் பிடுங்கி முன்பக்கம் மடக்கிவிட்டது. கதவை இரண்டு கையாலும் பிடித்துத் திறங்கள் என்று சாவி கொடுத்தவர் சொல்லித்தான் அனுப்பினார். கீல் வளைந்ததற்கு நான் அழுத பணத்தை இங்கே எழுதினால் அம்மா படிப்பாள், வேண்டாம்.

வழியில் செயின்ட் நினியன் தீவு. கரையையும் தீவையும் ஒரு மணல் பாலம் இணைக்கிறது, இரண்டு பக்கமும் அலை. 1958-இல் அங்கே பழைய தேவாலயத்தைத் தோண்டியபோது, உதவிக்கு வந்திருந்த ஒரு பள்ளிக்கூடப் பையன் கல் பலகை ஒன்றை நகர்த்தினான். அடியில் ஒரு மரப்பெட்டி, அதில் 28 வெள்ளிப் பொருட்கள். கூடவே கடற்பன்றியின் தாடை எலும்பு ஒன்று. வெள்ளியைப் புதைத்ததற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். தாடை எலும்பு எதற்கு? இன்றுவரை விடையில்லை. அசல் எடின்பரோவில், லெர்விக் அருங்காட்சியகத்தில் நகல். பார்த்தோம், பளபளவென்று இருந்தது.

வடகோடி அன்ஸ்ட் தீவுக்கு இரண்டு ஃபெர்ரி மாற வேண்டும். போகிற வழியெல்லாம் வெட்டிக் காயவைத்த பீட் குவியல்கள். ஈரத்தில் முழுக்க மக்காமல் பாதி மட்டும் மக்கிய செடிகொடிதான் பீட். துஷ்கர் என்ற மண்வெட்டியால் செங்கல் மாதிரி அறுத்து, காற்றில் உலர்த்தி, குளிர்காலத்தில் எரிப்பார்கள். அம்மா ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்து, மோந்து, “இது நம்ம ஊரு நிலக்கரியோட சின்னப் பொண்ணு” என்றாள். முழுக்கச் சரி. இதே பீட் மண்ணுக்கடியில் இன்னும் பல லட்சம் வருடம் அழுந்திக் கிடந்தால் நெய்வேலியில் தோண்டுகிற பழுப்பு நிலக்கரி ஆகும். இந்தப் பீட் புகையில் உப்புப் போட்ட ஆட்டிறைச்சியைத் தொங்கவிட்டுச் செய்வது ரீஸ்டிட் மட்டன். சூப்பில் போட்டுத் தந்தார்கள். உப்புக்கண்டத்தை இவர்கள் வெயில் இல்லாத குறைக்குப் புகையில் செய்கிறார்கள், அவ்வளவுதான். ஆட்டின் மேல் இருந்த கோபம் அன்று இரவு மட்டும் தணிந்தது.

அன்ஸ்டின் ஹெர்மனெஸ் முனையில் நான் எதிர்பார்த்தது பாங்க்ஸியின் அட்டகாசத்தை. கிரேட் ஸ்குவா என்கிற பெரிய பழுப்பு நிறக் கொள்ளைக்காரப் பறவை. வேறு பறவை பிடித்த மீனைக் கக்கவைத்துத் தின்னும், தன் கூட்டுக்குப் பக்கத்தில் போனால் நம் தலையைக் குறிவைத்துப் பாயும். குச்சியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். பிடித்துக்கொண்டு நடந்தேன். ஒன்றும் பாயவில்லை. 2022-இல் வந்த பறவைக் காய்ச்சலில் இவை கொத்துக் கொத்தாகச் செத்தன. மறு வருடம் பிரிட்டனில் கணக்கெடுத்தபோது முக்கால்வாசி காணாமல் போயிருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே ஹெர்மனெஸில் சில ஜோடிகளாகச் சுருங்கி, நிலத்துக்குச் சொந்தக்காரக் குடும்பம் காவல் வைத்துக் காப்பாற்றிய பறவை இது. தூரத்தில் இரண்டு மட்டும் புல்லில் உட்கார்ந்திருந்தன. குச்சியை இறக்கிவிட்டேன். கால் வலிக்கிறது என்று பாதி வழியில் மரப்பாதையிலேயே உட்கார்ந்துவிட்ட அம்மா, திரும்பி வந்த என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

நான் வந்ததே மூசா தீவுக்காக. முதல் நாள் இரவு பதிவு செய்திருந்த படகு காற்றினால் ரத்து. மறுநாளும் ரத்து. கடைசி இரவுக்கு எப்படியோ இரண்டு இடம் கிடைத்தது. பத்தரை மணிக்குச் சாண்ட்விக் கிராமத்துப் படகுத்துறையில் நின்றோம். இருட்டவில்லை. ஜூனில் இங்கே இருட்டுவதே கிடையாது. சூரியன் அடிவானத்துக்குச் சற்றுக் கீழே போய்ப் பக்கவாட்டில் நகர்ந்து மறுபடி ஏறிவிடும். நடுவில் வருகிற சாம்பல் வெளிச்சத்துக்கு ‘சிம்மர் டிம்’ என்று பெயர். அம்மா சேலைக்கு மேல் என் மழைக்கோட்டு, தலையில் கம்பளிக் குல்லாய், காலில் என் பழைய பூட்ஸ் என்று தயாராகியிருந்தாள்.

கால் மணி நேரத்தில் தீவு. அங்கிருந்து கரையோரமாக நடை. பாறையில் சீல்கள் முனகின. வானத்தில் எங்கோ ஆட்டுக்குட்டி கத்துவது போல் ஒரு சத்தம். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அது ஸ்னைப் என்கிற உள்ளான். கீழ்நோக்கிப் பாயும்போது வால் இறகு காற்றில் அதிர்ந்து எழுப்பும் ஒலி. “இங்க வானத்துலயும் ஆடா?” என்றாள்.

பிறகு ப்ராக் தெரிந்தது. சாம்பல் வானத்தில் இன்னும் அடர்ந்த சாம்பலில், இடுப்பு சற்று ஒடுங்கிய ஒரு பெரிய குதிர் மாதிரி. ப்ராக் என்பது இரும்புக் காலத்தில் ஸ்காட்லாந்தில் கட்டிய வட்டக் கல் கோபுரம். நூற்றுக்கணக்கில் இருந்தவற்றில் ஏறக்குறைய முழு உயரத்துக்கு நிற்பது இது ஒன்றுதான். 13 மீட்டர், வயது இரண்டாயிரத்துக்கு மேல். சாந்து கிடையாது, வெறும் கல்மேல் கல். வெளிச்சுவர், உள்சுவர் என்று இரண்டு சுவர்கள், நடுவில் இடைவெளி, அந்த இடைவெளியிலேயே மேலே போகப் படிக்கட்டு. ஒரே ஒரு தாழ்ந்த வாசல், வெளிப்பக்கம் ஜன்னலே இல்லை.

கட்டி ஆயிரம் வருடத்துக்கு மேல் கழித்து, 1153-இல் எர்லெண்ட் என்பவன் ஆர்க்னி பிரபு ஹரால்டின் தாய் மார்கரெட்டைத் தூக்கிக்கொண்டு வந்து இதற்குள் தங்கினான். ஹரால்ட் படையோடு வந்து முற்றுகையிட்டும் கோபுரத்தைப் பிடிக்க முடியவில்லை. கடைசியில் சமாதானமாகப் போய்க் கல்யாணத்துக்குச் சம்மதித்தான். அதற்கும் முன்னால் நார்வேயிலிருந்து ஓடிவந்த இன்னொரு ஜோடி கப்பல் உடைந்து இங்கே குளிர்காலத்தைக் கழித்ததாகப் பழைய நார்ஸ் கதை ஒன்று சொல்கிறது. “ஓடிப்போறவங்களுக்குன்னே கட்டினாப்ல இருக்கு” என்றாள் அம்மா. இப்போது உள்ளே இருப்பவர்களும் ஜோடி ஜோடியாகத்தான் இருக்கிறார்கள் என்றேன்.

நான் தேடி வந்த பறவை, ஸ்டார்ம் பெட்ரல். ஷெட்லாண்ட் பேச்சில் அலமூட்டி. முதலில் கேட்டபோது அலைமூட்டி என்றே என் காதில் விழுந்தது. நார்ஸ்காரனுக்குத் தமிழ் தெரிய வழியில்லைதான், ஆனாலும் கடலில் புயலோடு திரிகிற பறவைக்கு இதைவிட நல்ல பெயர் நம்மால் வைக்க முடியாது. சிட்டுக்குருவி அளவு, எடை 25 கிராம் சுமார், கறுப்பு உடம்பில் வாலடியில் ஒரு வெள்ளைப் பட்டை. குளிர்காலத்தை ஆப்பிரிக்காவின் தெற்கு முனைக் கடல்களில் கழித்துவிட்டு, முட்டையிட மட்டும் கரைக்கு வரும். மூசாவில் பத்தாயிரம் ஜோடிகளுக்கு மேல். கரையில் குவிந்த கற்களுக்கு அடியிலும், கல்வேலிகளிலும், இந்தக் கோபுரச் சுவரின் இடுக்குகளிலும் குடித்தனம். ஜோடியில் ஒன்று முட்டைமேல் உட்கார்ந்திருக்கும், மற்றது கடலில். மூன்று நாள் போல இருந்துவிட்டு முறை மாறும். பகலில் வந்தால் கடற்காக்கையும் பாங்க்ஸியும் பிடித்துத் தின்றுவிடும் என்பதால் இருக்கிற இருட்டில், அதாவது நள்ளிரவைச் சுற்றிய அந்தக் கொஞ்ச நேரத்தில், வந்து போயாக வேண்டும்.

டார்ச் அடிக்க வேண்டாம் என்றார்கள். சுவரோரம் போய் நின்றோம். முதலில் வாடை வந்தது. பழைய எண்ணெய்ப் பாத்திரமும் ஈரக் கம்பளியும் கலந்தது போல. பிறகு சுவர் பேச ஆரம்பித்தது. கல்லுக்குள்ளிருந்து ‘கிர்ர்ர்ர்’ என்று நீளமாக ஓர் ஒலி, முடிவில் விக்கல் போல ஒரு ‘டக்’. அதற்கு மேலே இன்னொன்று. வலப்பக்கம் ஒன்று. காதைக் கல்லில் வைத்தால் ஏழெட்டுக் குரல்கள்.

பதினொன்றே முக்கால் இருக்கும். ஏதோ என் காதை உரசிக்கொண்டு போனது. வௌவால் என்று நினைத்துக் குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தால் கோபுரத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கில். வந்து சுவரில் மோதுவது போல் ஒட்டி, சிறகடித்து, தன் இடுக்கு இல்லை என்றால் மறுபடி கிளம்பி ஒரு சுற்று. என் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் ஒன்று கல்லைப் பற்றித் தொங்கியது. உள்ளேயிருந்து கிர்ர்ர். வெளியே இருந்தது இரண்டு நொடி தலையைச் சாய்த்துக் கேட்டது. அப்புறம் என் சுண்டுவிரல்கூட நுழையாது என்று நினைத்த விரிசலுக்குள் வழுக்கிப் போய்விட்டது.

“சைக்கிள் சத்தம்டீ” என்றாள் அம்மா.

எனக்குப் புரியவில்லை.

“உங்கப்பா ரெண்டாவது ஷிஃப்ட் முடிச்சு வருவார்ல. தெருமுனையில மிதிக்கிறத நிறுத்திடுவார். சக்கரம் கிர்ர்னு தானா ஓடி வரும். வாசல்ல வந்து டக்குனு ஸ்டாண்டு போடுவார். அதேதான்.”

மறுபடி கேட்டேன். அதேதான். கிர்ர்ர்ர், டக். அந்தச் சத்தத்துக்கு நான் தூக்கத்திலேயே புரண்டு படுத்திருக்கிறேன், ஆனால் இத்தனை நேரம் கேட்டும் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. அப்பா போய் ஆறு வருடமாகிறது.

உள்ளே போனோம். தாழ்ந்த வாசலில் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். உள்ளே கும்மிருட்டு, மேலே வட்டமாக ஒரு துண்டு வெளிர்வானம், அதில் குறுக்கும் நெடுக்கும் கறுப்புச் சிறகுகள். சுற்றுச்சுவர் முழுக்கக் கிர்ர் கிர்ர் என்று ஒரு தெருவே ஷிஃப்ட் விட்டு வீடு திரும்புகிற சத்தம். படியேறி மேலே போகலாம் என்றார் படகுக்காரர். நான் ஏறினேன். அம்மா கீழேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். நான் இறங்கி வந்தபோதும் அதே இடத்தில், கையைச் சுவரில் வைத்தபடி இருந்தாள்.

திரும்பும் படகில் ஒருவரும் பேசவில்லை. வடகிழக்கில் அதற்குள் வெளுக்க ஆரம்பித்திருந்தது. நடுவழியில் அம்மா கேட்டாள்.

“மூணு நாளுக்கு ஒருதரம் மாறும்னு சொன்னல்ல?”

“ஆமாம்மா. கடல் மோசமா இருந்தா இன்னும் லேட்டாகலாம்.”

“அதுவரைக்கும் உள்ள இருக்கிறதுக்குச் சாப்பாடு?”

“ஒண்ணும் கிடையாதும்மா. மத்தது வந்தப்புறம் இது கடலுக்குப் போய்த்தான் சாப்பிடணும். அதுவரைக்கும் பட்டினிதான்.”

“அதானே பார்த்தேன்” என்றாள் அம்மா. குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.